ஒரு மதிப்பெண் வினாவும் ஐம்பது பவுண்டு நோட்டும்: இங்கிலாந்துப் பயணக் குறிப்புகள்

கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு ஆண்டுகள் கணினிப் பாடம் நடத்திவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அத்தனை ஆண்டுகளும் முதல் வாரத்தில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வினா ஒன்றுதான்: கணினியின் தந்தை யார்? விடை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணிதர் சார்லஸ் பாபேஜ், மதிப்பெண் ஒன்று. மாணவர்கள் எழுதினார்கள், நான் டிக் போட்டேன், அடுத்த பாடத்துக்குப் போனோம். இப்போது மகளைப் பார்க்க லண்டன் வந்திருக்கிறேன். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டுக்குள் பொழுது நகர மறுத்ததால், அந்த ஒரு மதிப்பெண்ணின் பின்னால் ஒரு வாரம் அலைந்துவிட்டு வரலாம் என்று தனியாகவே புறப்பட்டேன். ஒவ்வோர் இரவும் தங்கிய அறையில் எழுதியவை கீழே உள்ளவை.

செப்டம்பர் 8, லண்டன்

கிளம்பும்போது மாப்பிள்ளை ஐம்பது பவுண்டு நோட்டு ஒன்றை நீட்டினார். "கார்டு இருந்தாலும் கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும் அத்தை. ஆனால் சின்னக் கடைகளில் இதை வாங்க மாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். வாங்காத நோட்டை ஏன் கொடுக்கிறார் என்று திருப்பிப் பார்த்தால், சிவப்பு நிறப் பிளாஸ்டிக் தாளில், இரண்டாம் உலகப் போரில் ரகசியக் குறியீடுகளை உடைத்த கணிதர் ஆலன் டூரிங் தலை சாய்த்து நிற்கிறார். 2021 ஜூன் 23 அன்று, அவருடைய பிறந்த நாளில் வெளியான நோட்டு அது. படத்தருகே ஒரு நாடாவில் ஒன்றும் பூஜ்யமுமாக இருபத்தைந்து இலக்கங்கள் ஓடுகின்றன. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பாதாள ரயிலில் உட்கார்ந்து, வலக்கோடியிலிருந்து இரண்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, சவுத் கென்சிங்டன் வருவதற்குள் 23061912 என்று விடை கண்டேன். நாள் 23, மாதம் 06, ஆண்டு 1912. எதிரில் இருந்த பெரியவர் நான் விரல் விட்டு எண்ணுவதைக் கடைசிவரை பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊர் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் மயங்கி விழுந்தால்தான் வாய் திறப்பார்கள் போலிருக்கிறது.

நிலையத்திலிருந்து அறிவியல் அருங்காட்சியகத்துக்குத் தரைக்கடியில் நீண்ட நடைபாதை இருக்கிறது. அதில் ஓர் இளைஞர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். பாபேஜ் இருந்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். தெருப் பாடகர்களும் கைப்பெட்டி இசைக்காரர்களும் தம் வேலை நேரத்தைத் தின்றுவிட்டதாகப் புலம்பி, அவர்களுக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடியவர் அவர். 1864இல் சட்டம் வந்ததும் தெருப்பிள்ளைகள் அவர் வீட்டு வாசலிலேயே வந்து சத்தம் போட்டார்களாம்.

அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம். கணித அட்டவணைகளைப் போட அவர் வகுத்த இரண்டாம் வேறுபாட்டு எந்திரத்தின் முன் நின்றபோது முதலில் தோன்றியது, இது இத்தனை பெரிதா என்பதுதான். ஏழடி உயரம், பதினோரடி நீளம், ஐந்து டன் எடை, அச்சிடும் பகுதியையும் சேர்த்தால் எண்ணாயிரம் உறுப்புகள். வெண்கலச் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண்கள் கோயில் தேரின் அச்சுகளைப் போல வரிசையாக நிற்கின்றன. பின்னால் சுழலேணி போல முறுக்கிக்கொண்டு எழும் கைகள், ஓர் இலக்கம் ஒன்பதைத் தாண்டும்போது அடுத்த இலக்கத்துக்கு ஒன்றைக் கடத்த வேண்டியவை. எந்திரத்துக்குத் தெரிந்த கணக்கு கூட்டல் மட்டும்தான். 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களை எடுத்துக்கொண்டால் அடுத்தடுத்த வேறுபாடுகள் 3, 5, 7; அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு எப்போதும் 2. அந்த இரண்டைக் கூட்டிக்கொண்டே போனால் பெருக்கலே இல்லாமல் வர்க்க அட்டவணை முழுவதும் கிடைத்துவிடும். இந்த எந்திரம் ஏழாம் வேறுபாடுவரை போகும், எண் ஒவ்வொன்றும் முப்பத்தோரு இலக்கம்.

நான் வகுப்பில் சொல்லாமல் விட்டது இதன் வயதை. பாபேஜ் 1847க்கும் 1849க்கும் இடையில் வரைபடம் மட்டும்தான் போட்டார். கண்முன் நிற்கும் எந்திரத்தை, அவர் பிறந்த இருநூறாம் ஆண்டான 1991இல், அவர் காலத்துப் பட்டறையில் சாத்தியமான துல்லியத்துக்கு மேல் போகாமல், இந்த அருங்காட்சியகத்தாரே செய்து முடித்தார்கள்; அச்சுப்பகுதி 2002இல்தான் நிறைவேறியது. அவர் தாமே தொடங்கிய முதல் எந்திரத்துக்கு அரசு பதினேழாயிரம் பவுண்டுக்கு மேல் கொட்டியது. நீராவி ரயில் எஞ்சின் ஒன்று எண்ணூறு பவுண்டுக்குள் கிடைத்த காலம் அது. ஜோசப் கிளெமென்ட் என்ற தேர்ந்த கருவித் தச்சர்தான் உறுப்புகளைக் கடைந்தார். பட்டறையை இடம் மாற்றுவதிலும் கூலிக் கணக்கிலும் தகராறு முற்றி, 1833இல் அவர் வேலையை நிறுத்தினார். 1832இல் பூட்டி முடித்த ஒரு சிறு பகுதி மட்டும் மிஞ்சி, அதுவும் இங்கேதான் இருக்கிறது. என் மாணவர்கள் இருந்திருந்தால், தந்தை பிள்ளையைப் பெறவே இல்லையே மேடம் என்று கேட்டிருப்பார்கள்.

அவருடைய மூளையின் ஒரு பாதி இந்த அருங்காட்சியகத்திடமும் மறுபாதி அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்திடமும் இருப்பதாகப் படித்திருந்தேன். தேடிப் பார்க்க மனம் வரவில்லை. தேநீர்க் கடையில் நோட்டை நீட்டிப் பார்த்தேன்; பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். தேநீர் மூன்று பவுண்டு நாற்பது பென்ஸ். கார்டைத் தேய்த்தேன்.

செப்டம்பர் 9, லண்டன், நாள் முழுக்கத் தூறல்

இந்த ஊர் மழைக்குக் குடையும் உதவாது, நனைந்தாலும் யாரும் ஒதுங்குவதில்லை. மேரில்போனில் டார்செட் தெருவில் பாபேஜ் குடியிருந்து 1871இல் இறந்த இடத்தில் பச்சை வட்டப் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மெய்டா வேல்வரை நடந்தேன். வாரிங்டன் கிரெசன்டில் வெள்ளை முகப்புள்ள விடுதியின் சுவரில் நீலப் பலகை தெரிகிறது. 1912இல் டூரிங் பிறந்த வீடு.

கோவைக்காரி இங்கே சற்று நிற்க வேண்டியிருந்தது. டூரிங்கின் தாய் எதெல் சாரா ஸ்டோனி 1881இல் பிறந்தது எங்கள் போத்தனூரில். அவருடைய தந்தை எட்வர்ட் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ் மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பிள்ளைகள் இங்கிலாந்திலேயே வளரட்டும் என்று அண்ணன் ஜானையும் ஆலனையும் ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவத் தம்பதியிடம் விட்டுவிட்டு அவர்கள் திரும்பத் திரும்பக் கப்பல் ஏறினார்கள். போத்தனூர் ஜங்ஷனில் ரயில் மாறக் காத்திருந்த எத்தனையோ இரவுகளில் கொசுவைத் தவிர வேறு எதையும் நான் நினைத்ததில்லை.

மழை வலுத்ததால் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி, ஸ்கோன் என்னும் வறட்டுக் கேக்கை ஜாமோடு தின்றேன் (நான்கு பவுண்டு, எங்கள் பேக்கரித் தேங்காய் பன் இதற்கு அண்ணன்). இந்த நாட்டில் அலுவலகக் கணக்குக்காக முதன்முதல் கணினி செய்தவர்கள் தேநீரும் ரொட்டியும் விற்றவர்கள் என்று இங்கு உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். ஊரெங்கும் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனத்தின் மேலாளர்கள் இருவர் 1947இல் அமெரிக்கா போய் மின்னணு எந்திரங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அப்போது எட்சாக் என்ற கணினியைக் கட்டிக்கொண்டிருந்தார். லயன்ஸ் அவருக்கு மூவாயிரம் பவுண்டு கொடுத்து உதவியது. 1949 மே 6 அன்று எட்சாக் ஓடி வர்க்க அட்டவணையை அச்சிட்டுக் காட்டியதும், அதே மாதிரியில் லியோ என்ற எந்திரத்தைத் தங்கள் தலைமையகத்திலேயே கட்டிக்கொண்டார்கள். 1951 நவம்பரில் அது வாராந்தர பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. எத்தனை ரொட்டி, எத்தனை கேக், அடக்கவிலை என்ன, எந்தக் கடைக்குப் போனது என்பதே அதன் வேலை. மறு ஆண்டு அங்கே நிரல் எழுதச் சேர்ந்த மேரி கூம்ஸ்தான் வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று சொல்லப்படுகிறார். எங்கள் பாடநூலில் இவர்கள் யாரும் இல்லை. பன் விற்றவர்களை முன்னோடி என்று எழுதப் பாடநூல்காரர்களுக்குக் கை வந்திருக்காது.

செப்டம்பர் 10, பிளெட்ச்லி

யூஸ்டன் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவான டிரம்மண்ட் தெருவில் சைவ உணவகங்கள் இருக்கின்றன. ஒன்றில் மசாலா தோசை ஒன்பது பவுண்டுக்கு மேல். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள், சட்னியில் குறையில்லை. பிறகு ஒரு மணி நேரத்துக்குள் பிளெட்ச்லி. நிலையத்துக்கு எதிரேயே, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்த பிளெட்ச்லி பூங்கா.

மாளிகையும் ஏரியும் வாத்துகளும் பார்த்தால் யாரோ பணக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு வந்ததுபோல இருக்கிறது. மரப்பலகைக் கொட்டகைகளுக்குள் போன பிறகுதான் போர்க்காலம் தெரிகிறது. போர் உச்சத்தில் இருந்தபோது இங்கும் இதன் கிளை நிலையங்களிலுமாக ஒன்பதாயிரம் பேர்வரை வேலை பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்கு பெண்கள். எட்டாம் எண் கொட்டகையில் டூரிங்கின் அறையை அன்றிருந்தபடி அமைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துப் போய்விடாதபடி தம் தேநீர்க் குவளையை வெப்பக்குழாயில் சங்கிலி போட்டுப் பூட்டிவைப்பாராம். அந்தக் குவளையும் சங்கிலியும் அப்படியே. மகரந்த ஒவ்வாமை வரும் பருவத்தில் விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார் என்பது ஊரறிந்த கதை. அதே கொட்டகையில் ஜோன் கிளார்க் என்ற கணிதப் பெண்மணியும் கடற்படைச் செய்திகளை உடைத்து, பிறகு அதன் துணைத் தலைவராகவும் ஆனார்.

ஜெர்மானியர் செய்திகளை மறைத்து அனுப்பிய எனிக்மா என்ற குறியீட்டு எந்திரத்தின் சாவி அமைப்புகள் ஏறத்தாழ 159 என்று எழுதிப் பதினெட்டு பூஜ்யம் போட்டால் வரும் எண். அதில் ஒரு பெரிய பலவீனம்: எந்த எழுத்தும் தன்னையே குறியீடாகப் பெறாது. 'வானிலை' என்ற ஜெர்மன் சொல் செய்தியில் இருக்கும் என்று ஊகித்து, அதைக் குறியீட்டு வரியின் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஓர் எழுத்துக்குக் கீழே அதே எழுத்து வந்துவிட்டால் அந்த இடம் இல்லை என்று ஒதுக்கிவிடலாம். ஒரு மேசையில் இதைச் செய்துபார்க்கக் காகிதப் பட்டைகள் வைத்திருந்தார்கள். எட்டு வயதிருக்கும் சிறுமியும் நானும் பட்டைகளை இழுத்தோம். அவள் என்னைவிட வேகம். என் கையிலிருந்த பட்டையை மெதுவாக எடுத்து, சரியான இடத்தில் வைத்துவிட்டு, நன்றி என்று சொல்லிப் போனாள்.

இந்த வேலையின் முதல் பங்கு போலந்துக்காரர்களுடையது என்று இங்கே தெளிவாக எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. மரியன் ரெயெவ்ஸ்கியும் அவருடைய இரு தோழர்களும் எனிக்மாவை முன்பே உடைத்து, 1939 ஜூலையில் வார்சா அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆட்களுக்கு அந்த வழியைக் கற்றுக்கொடுத்தார்கள். அதன்மேல் டூரிங் பாம்பே என்ற எந்திரத்தை வகுத்தார். கார்டன் வெல்ச்மேன் அதில் ஒரு குறுக்கிணைப்புப் பலகையைச் சேர்த்து அதன் வேகத்தைப் பலமடங்காக்கினார். லெட்ச்வொர்த் தொழிற்சாலையில் ஹரால்ட் கீன் அதைச் செய்து கொடுத்தார். ஒரே எந்திரத்துக்கு இத்தனை பெயர்கள்; நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றை.

குறியீடு உடைக்க இங்கே ஓடிய மின்னணு எந்திரமான கொலோசஸ் எங்கே என்று மாலை ஐந்து மணிக்குக் கேட்டேன். அது இந்த வளாகத்தையொட்டியே வேறோர் அருங்காட்சியகம், வேறு சீட்டு, இன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். ஒரே சீட்டில் இரண்டும் அடங்கும் என்று நானாக நினைத்துக்கொண்டதன் விளைவு, அவசரமாக ஓர் இரவுக்கு அறை தேடி, கூடுதலாக எழுபத்திரண்டு பவுண்டு. இரவு உணவு அவித்த உருளைக்கிழங்கைப் பிளந்து தக்காளிச் சாறில் ஊறிய பீன்ஸை ஊற்றியது. சூடாக இருந்தது, வேறு நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 11, பிளெட்ச்லி, எச் பிளாக்

தங்க நேர்ந்ததே நல்லதாயிற்று. தேசியக் கணினி அருங்காட்சியகம் வெளியிலிருந்து பார்த்தால் நம்மூர் மின்வாரிய அலுவலகம் போல இருக்கிறது. உள்ளே எந்திரங்கள் ஓடுகின்றன. லண்டனில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு காதிலும் தோலிலும் தெரிந்தது.

மறுபடி கட்டப்பட்ட பாம்பே ஒரு டன் எடையுள்ள அலமாரி. அதில் 108 உருளைகள். முப்பத்தாறு எனிக்மாக்கள் சேர்ந்து சாவி தேடுவதற்குச் சமம். விளக்கம் சொன்ன பெண்மணி பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். சிவப்புக் கம்பிகள் பின்னல் பின்னலாகத் தொங்கின. அன்று கடற்படை மகளிர் பிரிவுப் பெண்கள் எட்டு மணி நேர முறையில் நின்றபடி இதை ஓட்டி, உருளை மாற்றி, நின்ற இடத்தைக் குறித்து அனுப்பினார்கள். எதற்காக என்பது அவர்களில் பலருக்குச் சொல்லப்படவில்லை.

கொலோசஸ் இருக்கும் அறையில் நுழைந்ததும் வெப்பம் முகத்தில் அடித்தது. இரண்டு வரிசையாக ஆளுயரச் சட்டங்கள், அவற்றில் ஆரஞ்சு நிறத்தில் கனலும் கண்ணாடி வால்வுகள், ஒரு முனையில் கட்டில் போன்ற சட்டத்தில் கப்பிகள்மேல் விர்ரென்று சுற்றும் காகித நாடா. நாடா நொடிக்கு ஐயாயிரம் எழுத்து வேகத்தில் ஓடுகிறது. இது எனிக்மாவுக்கானது இல்லை. ஜெர்மன் தளபதிகளின் தந்தியெழுத்து எந்திரங்களில் இணைந்த லோரென்ஸ் என்ற குறியீட்டு எந்திரத்துக்கானது. 1941 ஆகஸ்ட் 30 அன்று ஏதென்ஸிலிருந்து வியன்னாவுக்கு நான்காயிரம் எழுத்துச் செய்தியை ஒரே சாவியில் சிறு சிறு மாற்றங்களோடு இருமுறை அனுப்பிவிட்டார் ஒரு சோம்பேறி. ஜான் டில்ட்மன் அதைப் பிரித்தார். அதிலிருந்து பில் டட் என்ற இளைஞர், கண்ணால் பார்த்திராத அந்த எந்திரத்தின் சக்கர அமைப்பு முழுவதையும் காகிதத்திலேயே கண்டுபிடித்தார்.

அதை வேகமாக உடைக்க எந்திரம் வேண்டியபோது வந்தவர்தான் டாமி ஃப்ளவர்ஸ். கிழக்கு லண்டனில் கொத்தனார் மகனாகப் பிறந்து தபால்துறையின் தொலைபேசி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். முந்தைய எந்திரத்தில் இரண்டு நாடாக்கள் ஒத்து ஓடாமல் கிழிந்துகொண்டிருந்தன. ஒரு நாடா போதும், மற்றதை வால்வுகளுக்குள்ளேயே உண்டாக்கலாம் என்றார் இவர். ஆயிரத்து அறுநூறு வால்வுகள் வேண்டும் என்றதும், வால்வு அடிக்கடி சாகும் பண்டம், இது நடக்காது என்று கேட்டவர்கள் கைவிரித்தார்கள். வால்வைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்தால்தான் சாகும், ஒருமுறை ஏற்றி அணைக்காமல் விட்டால் நிலைக்கும் என்பது தொலைபேசி நிலையங்களில் அவர் கைப்பட அறிந்தது. ஆட்களைச் சேர்த்து, கைப்பணமும் போட்டு, பதினோரு மாதத்தில் கட்டினார். 1944 பிப்ரவரியில் அது முதல் செய்தியில் வேலை செய்தது. இரண்டாயிரத்து நானூறு வால்வுகள் கொண்ட அடுத்த வடிவம் ஜூன் 1 அன்று, நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு, ஓடத் தொடங்கியது. போர் முடிவில் பத்து இருந்தன.

எந்திரத்தருகே எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு நின்ற முதியவர், தாம் ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியாளர் என்றார். பிற்பாடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை உடைக்கச் சொன்னார்கள், ஃப்ளவர்ஸ் தம் வரைபடங்களை நிலையத்து உலையில் தாமே போட்டு எரித்தார் என்றார். அரசு ஆயிரம் பவுண்டு கொடுத்தது. அதுபோல இன்னொன்று செய்ய வங்கிக்கடன் கேட்டபோது, இத்தகைய எந்திரம் வேலை செய்யாது என்று மறுத்துவிட்டார்களாம். ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்று அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது. எழுபதுகளின் நடுவில் ரகசியம் வெளிவரும்வரை, முதல் பெரிய மின்னணு எந்திரம் என்ற பெயர் அமெரிக்க எனியாக்குக்கே போயிற்று. நான் படித்த பாடநூலும் நடத்திய பாடநூலும் அதைத்தான் சொல்லின. இங்கே ஓடும் கொலோசஸை, சில புகைப்படங்களையும் பழைய பொறியாளர்கள் ரகசியமாக வைத்திருந்த வரைபடத் துண்டுகளையும் கொண்டு, டோனி சேலும் தோழர்களும் 1993 தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் பாடுபட்டு மீட்டார்கள்.

முதியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு விளக்கு மினுக்கியது. பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டி, சட்டத்தின் ஓரத்தைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். விளக்கு நின்று எரிந்தது. எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்து உதவியாளர் அண்ணன் பழைய மானிட்டரை அப்படித்தான் தட்டுவார். ஃப்ளவர்ஸ் என்ற பெயரை முப்பத்தோரு ஆண்டில் ஒருநாள்கூட நான் பலகையில் எழுதியதில்லை.

செப்டம்பர் 12, ஹக்னால்

அவமானமான நாள். நாட்டிங்காமில் சில்லறை எடுக்கலாமே என்று பணப்பொறியில் கார்டைச் செருகினேன், நான்கு இலக்கப் பின் நம்பர் மறந்துபோயிற்று. மகளின் பிறந்த நாளை இரண்டு விதமாகப் போட்டேன், பழைய வீட்டுக் கதவு எண்ணையும் போட்டேன். மூன்றாவதோடு கார்டு முடங்கிவிட்டது. நேற்று முன்தினம் 159க்குப் பின்னால் பதினெட்டு பூஜ்யம் என்று வாய் பிளந்தவளுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று அகப்படவில்லை. அறைக்கும் ரயிலுக்கும் முன்பே பணம் கட்டியிருந்தது ஒன்றுதான் ஆறுதல். கையில் பதினொரு பவுண்டும் யாரும் வாங்காத டூரிங்கும்.

டிராமில் கடைசி நிறுத்தம் ஹக்னால். வழி கேட்ட என்னை ஒரு மூதாட்டி "டக்" என்று அழைத்தார். முதலில் எங்கே வாத்து என்று திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்களாம், எங்கள் ஊர்ப் பாட்டிமார் யாரைப் பார்த்தாலும் 'கண்ணு' என்பதைப் போல. மாதாகோயில் வாசல்வரை கூடவே நடந்துவந்து விட்டுப் போனார்.

புனித மரிய மதலேனாள் கோயிலின் தரைக்கடியில் கவிஞர் பைரனும், பாபேஜின் எந்திரத்தைப் பற்றி எழுதிய அவர் மகள் ஏடா லவ்லேஸும் அருகருகே கிடக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது, ஒரு மாதக் குழந்தையாக இருந்தவளை அவர் கடைசியாகப் பார்த்தார். இருவரும் முப்பத்தாறு வயதில் இறந்தவர்கள். தம்மை அவர் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். 1812இல் பைரன் பிரபுக்கள் சபையில் முதன்முதல் பேசியது, இதே நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் எந்திரங்களை உடைத்த தொழிலாளர்களைத் தூக்கிலிடக் கூடாது என்று. மகளோ தறியை வியந்து பார்த்தாள். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தானே பூ நெய்யும் ஜக்கார்டுத் தறியை அவள் தாயோடு போய்ப் பார்த்தது 1834இல். அதற்கு முந்தைய ஆண்டு, பதினேழு வயதில், பாபேஜ் வீட்டு வரவேற்பறையில் அந்த முடிவுறாத எந்திரத் துண்டையும் பார்த்திருந்தாள்.

சிறுமுகையில் என் பெரியம்மா வீட்டுத் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டி இருந்தது. நூலால் கோத்த அட்டைகள் மாலைபோலத் தொங்கி, மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக நகரும். ஓர் அட்டையில் தெரியாத்தனமாக ஆணியால் கூடுதலாக ஒரு துளை போட்டு, சேலை முந்தானையில் ஒவ்வொரு மாங்காயின் காம்பும் ஒடிந்து வர, பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. நிரலில் பிழை என்றால் என்ன என்று எனக்கு யாரும் அதைவிட நன்றாகச் சொல்லித்தந்ததில்லை. எந்தக் கணக்கையும் போடும்படி பாபேஜ் அடுத்து வகுத்த பகுப்பாய்வு எந்திரத்துக்கு அதே அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். ஏடா 1843இல், அந்த எந்திரத்தைப் பற்றி இத்தாலியப் பொறியாளர் மெனாப்ரியா எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்த்து, மூலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குக் குறிப்புகளைச் சேர்த்து, ஏ.ஏ.எல். என்று மூன்றெழுத்து மட்டும் போட்டார். கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் வழியைப் படிப்படியாக அட்டவணையிட்டிருக்கிறார். எண்ணைக் கொண்டு இசையையும் அமைக்கலாமே என்ற ஊகமும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. பாபேஜுக்கு அட்டவணைகள் போதும். எந்திரம் எண்ணைத் தாண்டும் என்று கண்டவர் இவர்தான் என்பேன்.

பலிபீடத்தருகே தரையில் பைரன் பெயர் பொறித்த பளிங்கு. கோயிலில் என்னைத் தவிர ஒருவர். அவர் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். மகள் கட்டித்தந்த தக்காளித் தொக்கை ரொட்டியில் தடவி, வெளியே கல்லிருக்கையில் உட்கார்ந்து தின்றேன். வெயில் அடித்தது.

செப்டம்பர் 13, மான்செஸ்டர்

மழை. உலகில் எஞ்சியவற்றுள் மிகப் பழைய பயணிகள் ரயில் நிலையத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், நுழைவு இலவசம், எனக்கு அதுதான் முக்கியம். அங்கே 'பேபி' என்ற ஆரம்பகாலக் கணினி இருக்கிறது. 1998இல் ஐம்பதாம் ஆண்டுக்காகக் கட்டிய மறுபடிவம். ஃபிரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் மூவரும் ரேடார் வேலையிலிருந்து வந்தவர்கள். தொலைக்காட்சிக் குழாயின் திரையில் மின்புள்ளிகளாக எண்ணை நிறுத்திவைக்க வழி கண்டார்கள். புள்ளி கணத்தில் மங்கிவிடும் என்பதால் மங்குவதற்குள் படித்து மறுபடி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பத்திரண்டு வரி, வரிக்கு முப்பத்திரண்டு புள்ளி, ஆயிரத்து இருபத்து நான்கு பிட், அவ்வளவுதான் நினைவகம். ஆனால் நிரலும் அதற்குள்ளேயே இருந்தது. கொலோசஸுக்கு இல்லாத அந்தக் குணம்தான் நம் கைப்பேசிவரை வந்திருக்கிறது.

1948 ஜூன் 21 அன்று கில்பர்ன் எழுதிய பதினேழு கட்டளைகள் ஓடின. 262144ஐ, அந்த எண்ணைத் தவிர, மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண் எது என்பது கேள்வி. பாதிதான் விடை என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். எந்திரத்துக்கு வகுக்கத் தெரியாது, கழிக்கத்தான் தெரியும். ஒவ்வோர் எண்ணாகக் கீழிறங்கிக் கழித்துக் கழித்துப் பார்த்து, ஐம்பத்திரண்டு நிமிடம், முப்பத்தைந்து லட்சம் செயல்களுக்குப் பிறகு 131072 என்று காட்டியது. அத்தனை நேரம் பிழையில்லாமல் நின்றதே சோதனை. தன்னார்வலர் ஒரு சுவிட்சைத் தட்டச் சொன்னார். தட்டினேன். பச்சைத் திரையில் புள்ளிகள் கலைந்து குதித்தன. "முதல் நாள்களில் அவர்களுக்கும் இப்படித்தான்" என்று அவர் சமாதானம் சொன்னார்.

டூரிங் அந்த ஆண்டே இந்த ஊருக்கு வேலைக்கு வந்தார். 1950 ஜூனில் ஒருநாள் இங்கிருந்த எந்திரம் வழக்கத்துக்கு மாறாகப் பிற்பகல் மூன்றிலிருந்து மறுநாள் காலை எட்டுவரை பழுதாகாமல் ஓடியதால்தான் ரீமன் சார்பின் கணக்கை முடிக்க முடிந்தது என்று தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். இரவெல்லாம் பக்கத்தில் விழித்திருந்தவருக்குத்தான் அப்படி எழுத வரும்.

சாக்வில் தோட்டத்தில் அவர் வெண்கலமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஆப்பிள். 1952இல் ஓரினச்சேர்க்கைக்காகத் தண்டித்து, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போட்டார்கள். 1954 ஜூனில் சயனைடு. 2009இல் பிரதமர் அதற்காக மன்னிப்புக் கேட்டார், 2013இல் அரசி தண்டனையை மன்னித்தார். காலடியில் உள்ள பலகையைக் குனிந்து படித்தேன். முதல் வரியே, கணினி அறிவியலின் தந்தை. இங்குமா என்று சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சின் மறுகோடியில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த பெண் நகர்ந்து இடம்விட்டாள். ஈரப் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

பசித்தது. பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடையில் 'சிப் பார்ம்' கேட்டேன். பன்னுக்குள் வறுத்த உருளைக்கிழங்கை அடைத்துத் தருவது, இவ்வூர்ப் பெருமை. தேநீரோடு நான்கு பவுண்டு எழுபது. சாப்பிட்ட பிறகு எண்ணிப் பார்த்தால் கையில் மூன்றுதான். வேறு வழியில்லாமல் நோட்டை நீட்டினேன். கடைக்கார அம்மாள் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "இவர் எங்கள் ஆள்தான், ஆனால் இவருக்குச் சில்லறை என்னிடம் இல்லை, லவ்" என்றார். மூன்றையும் வாங்க மறுத்து, நாளைக்குக் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். நான் யார், எங்கே தங்கியிருக்கிறேன் என்று எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, மான்செஸ்டர், புறப்பாடு

காலை எட்டு மணிக்கு ஒரு பெரிய கடையில் இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு நோட்டைக் கொடுத்தேன். பணிப்பெண் மேலாளரைக் கூப்பிட்டு, அவர் விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்து, ஒரு வழியாக வாங்கினார். டூரிங்கைக் கொடுத்து, இருபது பவுண்டு நோட்டில் இருக்கும் ஓவியர் டர்னர் இருவரையும், ஐந்து பவுண்டு நோட்டில் இருக்கும் சர்ச்சில் ஒருவரையும், மீதிக்கு நாணயங்களையும் வாங்கிக்கொண்டு சந்துக்கு ஓடினேன். கடை பூட்டியிருந்தது, பதினொரு மணிக்குத்தான் திறப்பு என்று எழுதியிருந்தது. என் ரயில் ஒன்பதரைக்கு. விடுதியில் எடுத்த உறையில் ஐந்து பவுண்டு நோட்டை வைத்து, நேற்றைய தேநீருக்கும் பன்னுக்கும் என்று எழுதி, கதவின் தபால் துளைக்குள் தள்ளினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. குடைக்கம்பியால் குத்தி உள்ளே விழச் செய்தேன். முப்பது பென்ஸ் பாக்கியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.